இங்கிலாந்துப் பள்ளியில் ஆர்.இ. (மதக் கல்வி) வகுப்பு: பிள்ளையை விலக்கலாமா?

கேள்வி: லெஸ்டருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மகளை சர்ச்சுக்கும் மசூதிக்கும் கூட்டிப்போகப் போவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆர்.இ. பாடமாம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று ஊரில் அம்மா பயப்படுகிறார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம் தம்பி, சட்டத்தில் இடம் இருக்கிறது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கொடுக்காதீர்கள்.

ஒரு காலத்தில் இங்கே அந்த வகுப்பு என்றால் பைபிள்தான். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் நினியன் ஸ்மார்ட். இளம் வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தபோது இலங்கையில் பௌத்தத்தை நேரில் கண்டவர். 1967-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மத ஆய்வுத் துறையைத் தொடங்கினார். எந்த மதம் உண்மை என்ற வழக்கை ஓரமாக வைத்துவிட்டு, சடங்கு, கதை, அனுபவம், ஒழுக்கம், சமூகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நம்புகிறவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்வது அவர் வழி. அந்தப் பார்வை பள்ளிகளுக்கும் வந்தது. 1988-ல் வந்த கல்விச் சட்டப்படி பாடத்தில் கிறிஸ்தவம் முதன்மையாக இருக்கும், மற்றப் பெரிய மதங்களும் இருந்தாக வேண்டும்.

என் மகள் ஏழு வயதில், நரகாசுரனைக் கொன்ற நாள்தான் தீபாவளி என்று எழுதினாள். ஆசிரியை அதைத் திருத்தி, ராமர் அயோத்திக்குத் திரும்பிய நாள் என்று போட்டிருந்தார். எனக்கு வருத்தமாகிவிட்டது. போய்ப் பேசினேன். புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான் என்றார். அப்புறம் அவரே அவளை வகுப்பில் நம் கதையைச் சொல்லச் சொன்னார். எண்ணெய்க் குளியல், காவடி எல்லாம் சொல்லிவிட்டு வந்தவள், “அம்மா, கற்பூரம் ஏன் கொளுத்துகிறோம்?” என்று கேட்டாள். நாற்பது வருஷமாகக் கொளுத்துகிற எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டோம். அந்த வகுப்பு இல்லாவிட்டால் அவள் அதைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

சரி, ஒரு விஷயம் கவனியுங்கள். சர்ச் நடத்தும் பள்ளி என்றால் கதை வேறு, சிலவற்றில் அவர்கள் மதத்தையே போதிக்கலாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் நடக்கும் கூட்டு வழிபாடு இந்தப் பாடத்தில் சேராது. விருப்பமானால் மகளைப் பாடத்தில் இருக்கவிட்டு, அந்த வழிபாட்டிலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ளலாம்.

மசூதிக்குப் போகும் நாளில் தலைக்கு ஒரு துணி கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் என்ன பார்த்தாள் என்று கேளுங்கள், அம்மாவிடமும் போனில் சொல்லச் சொல்லுங்கள்.