வாரந்தோறும் தொட்டியைக் கழுவியும் தங்கமீன்கள் இறக்கின்றன: காரணம் என்ன?

தாம்பரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன், என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்காக, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினோம். அதில் ஆறு தங்கமீன்களை விட்டோம்; கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று கடையில் சொன்னதால் ஒரு சக்கர் மீனையும் சேர்த்தோம். இன்று இரண்டு தங்கமீன்களும் அந்தச் சக்கர் மீனும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு முறை ஒரு மீன் இறக்கும்போதும் மகள் சாப்பிடாமல் தூங்கிவிடுகிறாள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டி நீர் முழுவதையும் கொட்டி, கண்ணாடியையும் சரளைக்கல்லையும் தேய்த்துக் கழுவி, ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் வெள்ளை நுரை நிற்கும்வரை பிழிந்து, புதுநீர் நிரப்புகிறேன். எங்கள் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய் நீரும் கலந்திருக்கும். ஃபில்டரின் ஓசை தூக்கத்தைக் கெடுப்பதால் இரவில் அணைத்துவிடுவோம். மகள் ஒரு நாளில் மூன்று முறை உணவு போடுவாள். நீர் எப்போதும் கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கிறது.

இருந்தும், வாரத்தின் நடுவில் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள் சிவந்து, துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கின்றன. இறப்பது பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்கிழமை. கடைக்காரர் நீல மருந்து ஊற்றச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரோ கேன் தண்ணீர் மட்டும் பயன்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்வது?

குளத்தங்கரை

ஐயா, உங்கள் மகளுக்கு என் அன்பு. நீங்கள் கேட்டதிலேயே விடைக்கான தடயம் இருக்கிறது: உங்கள் மீன்கள் வெள்ளியும் சனியும் இறக்கின்றன. ஞாயிறன்று புதுநீர் வந்தபின் உடனே இறக்காமல், நாள் செல்லச் செல்ல நலிந்து வார இறுதியில் இறக்கின்றன என்றால், நீரில் ஏதோ ஒன்று நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது என்று பொருள். அது அமோனியா. நிறமற்றது என்பதால் நீரின் தெளிவை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் உணவும் அதையே தருகிறது. ஏரியிலோ ஆற்றிலோ அது பெருநீரில் கரைந்துவிடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. அங்கே மீனைக் காப்பவை நுண்ணுயிர்கள்தாம். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை, மீனுக்குப் பெரிதும் தீங்கு செய்யாத நைட்ரேட் ஆக்குகிறது. இந்த இரண்டாம் வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகப் பழைய கையேடுகள் எழுதின. ஆனால் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மீன்தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டியது. இந்த நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே பெருகும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அவை நீரில் மிதந்து திரிவதைவிட, ஸ்பாஞ்சின் துளைகளிலும் சரளைக்கல்லின் மேலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன.

நீங்கள் அழுக்கு என்று நினைத்து ஒவ்வொரு ஞாயிறும் குளோரின் கலந்த நீரில் பிழிந்து வெளியேற்றியது அந்தப் படலத்தைத்தான். எஞ்சியவையும் ஆக்ஸிஜன் இன்றி வாழ முடியாதவை. இரவு முழுவதும் ஃபில்டரில் நீரோட்டம் நின்றால் நலியும். ஆகவே இரண்டு மாத வயதுடைய உங்கள் தொட்டி, இன்றும் ஒவ்வொரு வாரமும் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. இதை உங்கள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கழுவுவதே அக்கறை என்று வீட்டில் கற்ற எவரும் இதைத்தான் செய்வார்.

இன்றே செய்ய வேண்டியவை: ஃபில்டரை இரவும் பகலும் ஓட விடுங்கள், ஓசை தொல்லையானால் அதன் ரப்பர் உறிஞ்சிகள் கண்ணாடியில் சரியாகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் அதிர்வே ஓசைக்குக் காரணம். உணவை ஒரு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குக் குறையுங்கள். தொட்டியை முழுவதும் காலி செய்வதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் எடுத்துவிட்டு, ஆன்ட்டி குளோரின் சொட்டு (குளோரினை நீக்கும் திரவம்) கலந்த நீரை, தொட்டி நீரின் வெப்பநிலைக்கு ஒத்ததாகப் பார்த்து ஊற்றுங்கள். ஆழ்துளை நீரானால் முந்தைய இரவே வாளியில் பிடித்து ஏர் பம்ப் போட்டு வையுங்கள். நிலத்தடியிலிருந்து புதிதாக ஏறும் நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும்.

நீல மருந்து வேண்டவே வேண்டாம். நோய் இல்லாத மீனுக்கு அது பயன்படாது. பூஞ்சை நோய்க்கும் மீன் முட்டைகளைப் பூஞ்சையிலிருந்து காக்கவும் பயன்படும் அந்த மருந்து ஃபில்டரின் நுண்ணுயிர்களையும் கொல்லக்கூடியது. முதலில் அமோனியா, நைட்ரைட், பி.எச். (நீரின் அமில, கார அளவு) மூன்றையும் அளக்கும் திரவப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, எண்களை இங்கே எழுதுங்கள். எண்கள் இல்லாமல் நாம் பேசுவதெல்லாம் ஊகமே.

நொய்யல்கரை

குளத்தங்கரை ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கேன் தண்ணீரைப் பற்றி மட்டும், நான் இழந்த மீன்களின் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

நான் கோவையில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் சிறுவாணி நீர் குடிப்பதற்கு இனியது. உப்புகள் மிகக் குறைவு. அதே குறைவுதான் மீன்தொட்டியில் என்னைத் தடுமாறச் செய்தது. நுண்ணுயிர்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகளே அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்தக் கார்பனேட் இருப்பு, செலவாகிறது. அந்த இருப்பு தீர்ந்ததும் பி.எச். சட்டென்று சரியும், ஆறை நெருங்கும்போது நுண்ணுயிர்களின் வேலையும் ஏறத்தாழ நின்றுவிடும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் தொட்டியில், நான்காவது மாதத்தில், இரண்டே நாட்களில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்ததற்கு அதுவே காரணம் என்று பி.எச். அளந்தபின்தான் புரிந்தது. இப்போது ஃபில்டருக்குள் கைப்பிடி அளவு கிளிஞ்சல்களை ஒரு வலைப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். அவை மெல்லக் கரைந்து அந்த இருப்பை நிரப்புகின்றன.

கேன் தண்ணீர் பெரும்பாலும் சவ்வூடு வடிகட்டி (ஆர்.ஓ.) மூலம் உப்புகள் நீக்கப்பட்டது. அதை மட்டும் ஊற்றினால் தாம்பரத்தில் இருந்துகொண்டே என் துன்பத்தை நீங்கள் விலைக்கு வாங்குவதாகிவிடும். தங்கமீனுக்குக் கடின நீர் ஏற்றதே. உங்கள் ஆழ்துளை நீர் பாத்திரத்தில் வெள்ளைக் கறை படிய வைக்கும் நீராக இருந்தால், கார்பனேட் இருப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

பெரம்பூர் தொட்டி

நான் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தைக்குப் பல ஆண்டுகளாகச் செல்பவன். சொல்லப்படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தத் தொட்டிக்கு ஆறு தங்கமீன்கள் எப்படியும் மிகுதி. இரண்டுக்கு ஒன்று ஒன்று என்ற அளவுத் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் 57 லிட்டர்தான் கொள்ளும்; சரளைக்கல் போக ஐம்பதுக்கும் குறைவு. கடையில் விரல் நீளம் இருக்கும் தங்கமீன் நன்றாக வளர்ந்தால் உள்ளங்கையைத் தாண்டும்; பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. எஞ்சிய இரண்டுக்குமே, அவை வளரும்போது, மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உடைய, ஏறக்குறைய 130 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவைப்படும். இப்போது புதுமீன் எதையும் சேர்க்க வேண்டாம்.

சக்கர் மீனையும் பிரித்துவிடுங்கள். பாசி போதாதபோது அது மெதுவாக நீந்தும் தங்கமீனின் மேல் ஒட்டிக்கொண்டு உடற்பூச்சை உறிஞ்சும். அந்தப் பூச்சே மீனுக்கு நோய்த்தடுப்பு. கடையில் திருப்பிக் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த இனம் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீனவர் வலைகளையும் அதன் முட்கள் கிழிக்கின்றன.

ஃபில்டர் எப்போதும் ஓட வேண்டும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது எங்கள் பகுதியில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியே மீன்களைக் காத்தேன். மின்சாரம் வந்ததும் வெளிப்புற ஃபில்டரை அப்படியே இயக்கினேன். அதற்குள் அடைபட்டு அழுகியிருந்த நீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்ந்து, புயலைத் தாண்டிப் பிழைத்த மீன்களை அன்று மாலைக்குள் கொன்றது. நீண்ட மின்வெட்டுக்குப் பின் ஃபில்டரைத் திறந்து, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பின்பே இயக்குங்கள்.

தாம்பரத்தான்

மூவருக்கும் நன்றி. பரிசோதனைப் பெட்டி வாங்கி, இன்று வியாழக்கிழமை காலை அளந்தேன். அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், நைட்ரைட் 0.25, பி.எச். 8.2, வெப்பநிலை 28 பாகை. இவை எவ்வளவு மோசம்? பி.எச். குறைக்கும் திரவம் ஒன்றும் கடையில் தருகிறார்கள், அதை ஊற்றலாமா?

குளத்தங்கரை

மோசமே. பெட்டி காட்டும் அமோனியா இரண்டு வடிவங்களின் கூட்டுத்தொகை: செவுளை எரிக்கும் வாயு வடிவம் ஒன்று, பெரிதும் தீங்கில்லாத அமோனியம் மற்றொன்று. பி.எச். 7 ஆக இருந்தால் உங்கள் வெப்பநிலையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும், 8.2 என்னும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதாவது உங்கள் தொட்டியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நச்சு இருக்கிறது, 0.05ஐத் தாண்டினாலே செவுள் சேதமடையத் தொடங்கும். உங்கள் கடின நீர் நொய்யல்கரை சொன்ன சரிவிலிருந்து காப்பாற்றும். அதே நீர் இந்த அமோனியாவின் கொடுமையைக் கூட்டுகிறது.

பி.எச். திரவத்தை ஊற்றாதீர்கள். கார்பனேட் நிறைந்த நீரில் அது சில மணி நேரம் இறங்கி மீண்டும் ஏறும். அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு இன்னொரு துன்பம். இன்று மட்டும் பாதி நீரை மாற்றுங்கள். 2 என்பது 1 ஆகும். மாலையில் மீண்டும் அளந்து, தேவையானால் இன்னொரு முறை மாற்றுங்கள். நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில் இருப்பதால் நீரை மாற்றுவது அவற்றைப் பாதிக்காது. நைட்ரைட் தலைகாட்டியிருப்பது நல்ல அறிகுறி: முதல் வகை நுண்ணுயிர் உங்கள் தொட்டியில் வேலையைத் தொடங்கிவிட்டது.

பெரம்பூர் தொட்டி

இனி அமோனியா குறையக் குறைய நைட்ரைட் ஏறும். அது இரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைக் கெடுப்பதால், நீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். அப்போது லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். எப்போதும் உப்புப் போட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சில வாரங்களுக்கு மட்டும் போதும்.

மீன்கள் நோயின்றி இருக்கும் என் தொட்டியில், ஓராண்டாக ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்று கூடுதலாக இருக்கிறது. தனிச்செய்தியில் எழுதுங்கள். தொட்டி நீரிலேயே நனைத்துப் பையில் கட்டித் தருகிறேன். உலர விடாமல் இரண்டு மணி நேரத்திற்குள் உங்கள் தொட்டியில் போட்டுவிட்டால் வாரக்கணக்கான காத்திருப்பு குறையும்.

தாம்பரத்தான்

ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பெரம்பூர் நண்பர் தந்த ஸ்பாஞ்ச் வந்த ஒன்பதாம் நாள் அமோனியா சுழியானது. நைட்ரைட் 2 வரை ஏறி, உப்பு போட்டபின் மீன்கள் தாங்கிக்கொண்டன. மூன்றாம் வாரத்தில் அதுவும் சுழியானது. இப்போது நைட்ரேட் 20. இரண்டு மீன்களும் நலம். ஒன்றின் துடுப்போரத்தில் கருப்புத் திட்டு தெரிகிறது. சக்கர் மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எண்களை இப்போது மகளே ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறாள்.

பொங்கலுக்கு ஐந்து நாட்கள் ஊருக்குச் செல்கிறோம். பக்கத்து வீட்டில் உணவு போடச் சொல்லலாமா?

குளத்தங்கரை

கருப்புத் திட்டு பெரும்பாலும் அமோனியாவால் எரிந்த தோல் ஆறும் அடையாளம். சில வாரங்களில் மறையும். ஐந்து நாட்களுக்கு உணவே வேண்டாம். நலமான தங்கமீன் அதை எளிதில் தாங்கும். பழக்கமில்லாதவர் இரக்கத்தால் அள்ளிப் போடும் உணவே ஊருக்குச் சென்று திரும்புவோரின் மீன்களை மிகுதியாகக் கொல்கிறது. புறப்படும் முந்தைய நாள் கால் பங்கு நீரை மாற்றி, ஸ்பாஞ்சை அந்த எடுத்த நீரிலேயே இரண்டு முறை மெல்ல அமுக்கி எடுத்துப் பொருத்துங்கள். பக்கத்து வீட்டாரிடம், ஃபில்டர் ஓடுகிறதா என்று நாளுக்கு ஒரு முறை பார்க்க மட்டும் சொல்லுங்கள். திரும்பியதும் மகளை முதலில் அமோனியாவை அளக்கச் சொல்லி, அந்த எண்ணை இங்கே எழுதுங்கள்.