கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போகிறவர்கள்: உங்கள் அனுபவம்

கடைசி வரிசை:
போன மார்கழியில் ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பார்த்தது, இன்னும் மனதை அரிக்கிறது. மெயின், அதாவது கச்சேரியின் பிரதான பாட்டு, பைரவி ராகம், ஆதி தாளம், இரண்டு களை (ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு முறை போடுகிற மெதுவான கதி). கற்பனையாக விரித்துப் பாடுகிற நிரவல், ஸ்வரம் எல்லாம் அமர்க்களம். அடுத்தது தனி: மிருதங்கம், கடம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி. வயலின்காரர் வில்லை மடியில் கிடத்தியதுதான் தாமதம், முன்வரிசைகள் மொத்தமாக எழுந்து கேன்டீன் பக்கம் நடையைக் கட்டின. மிருதங்கம் வாசித்தவர் சின்னப் பையன், கல்லூரி முடித்திருந்தாலே அதிகம். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கத்தில், ஒட்டியிருந்த ரவையை ஈர விரலால் அழுத்திவிட்டு நிமிர்ந்தால், எதிரே எல்லாம் முதுகு. சட்டென்று பாடகரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தாளத்தை நிறுத்தாமல், "நீ வாசிப்பா" என்பதுபோல் தலையை ஆட்டினார். பையன் வாசித்ததோ பிரமாதம். ஆனாலும் அந்தப் பார்வைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

மாம்பலம் ரயில்:
சரி, ஆனால் எல்லாப் பழியையும் ரசிகர்கள் தலையில் போடாதீர்கள். மெயின் முடியவே எட்டரை ஆனால், செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்க வேண்டியவர் என்ன செய்வார்? நான் போன ஒரு சபாவில் கடத்துக்கு ஒரே ஒரு சுற்றுதான் கிடைத்தது. திஸ்ர நடைக்கு (ஒவ்வொரு எண்ணிக்கையையும் மும்மூன்றாகப் பிரிப்பது) மாறிச் சூடு பிடிக்கிற நேரம், திரை ஓரத்திலிருந்து சபா ஆள் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்! இருவரும் மாறி மாறி அளவைக் குறைத்துக்கொண்டே வாசிக்கிற குறைப்புகூட இல்லாமல், நேரே முடிவுக்கான மோரா, கோர்வை, முடிந்தது. எழுந்து போனவர்களைவிட அந்தத் தட்டல்தான் எனக்கு அவமரியாதையாகப் பட்டது.

லயப் பித்து:
எனக்கு நடந்தது சின்னது. பக்கத்து சீட் மாமி, "தனி முடிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் குடுப்பா, வந்துடறேன்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அங்கே என்ன நடக்கிறதென்று பலருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் சொல்கிறேன். தாளத்தை மட்டும் விடாதீர்கள். ஆதி என்றால் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு, ஆக 8. பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். கடைசிக் கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். மூன்றாவது முடிகிற இடத்தில் பாடகர் பாட்டை எடுப்பார். உங்கள் கையும் சரியாக அங்கே வந்து நின்றால், அதற்கு ஈடான சந்தோஷம் கச்சேரியில் வேறில்லை. ஆதி பிடிபடாவிட்டால் மிஸ்ர சாபுவில் தொடங்குங்கள்: தகிட தகதிமி, 7. மிருதங்க மேதைகள் பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை இருவரின் பழைய ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழனி இடக்கைக்காரர். தொப்பியில் அவர் போடும் கும்கி என்கிற குழைந்த ஒலிக்காகவே கேட்கலாம்.

கடைசி வரிசை:
மாம்பலம் ரயில், ரயிலுக்குப் போகிறவரை நான் சொல்லவே இல்லை. அவர் போனால் போனதுதான். கச்சேரிக் கடைசியில் வரும் தில்லானாவுக்குச் சரியாகத் திரும்பி வந்து உட்கார்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். மணி ஐயருக்கு 1966-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்கள், மிருதங்கத்துக்கு அதுவே முதல் முறை. அதற்கப்புறமும் தனியை இடைவேளையாக நினைத்தால் எப்படி? சபாக்காரர்கள் தனி முடிகிறவரை கேன்டீனை மூடி வைக்கட்டும். நேரக் கணக்கில் தனிக்கென்று இருபது நிமிடம் முதலிலேயே ஒதுக்கட்டும்.