புதுப்பிப்பு: இறக்கத்தில் ஓடிய மகளின் தொடைவலி

முன்பு எழுதியது இதுதான். தடகளப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த என் மகள், முதல் வாரமே தொட்டபெட்டா சாலையின் இறக்கத்தில் முழு வேகத்தில் ஓடினாள். அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் தொடை இறுகியது. அதற்கடுத்த நாள் படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தேன்.

நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் வலி அடங்கிவிட்டது.

வேகமாக ஓடும்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று சிலர் சொன்னீர்கள். அது ஓடி முடித்த ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய சிதைவு உண்டாகி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தை எட்டுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நம்மை எச்சரிக்கும். இறக்கத்தில் அந்த எச்சரிக்கை கிடையாது. மலையிலேயே பிறந்து வளர்ந்தும் இதை நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வலி நின்றபின் சமதளத்தில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் தொடங்கினாள். மூன்றாவது வாரம் அதே இறக்கத்தில் பாதித் தூரம், மெதுவாக. இம்முறை லேசான இறுக்கம் மட்டுமே. இப்படி ஒருமுறை நுண்ணிய சிதைவு கண்டு தேறிய தசை அடுத்த முறை நன்றாகத் தாங்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கடும் வலியோடு சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.