ஸ்பீட் இருக்கிறது, குரல் மட்டும் தாமதமாகப் போகிறது: உங்களுக்கு எப்படிச் சரியானது?

பல மாதமாக ஒரே தொல்லை. நான் பேசி முடித்தாலும் வீடியோ காலில் எதிர்முனை மௌனம். சரி, கேட்கவில்லை போல என்று மறுபடி ஆரம்பித்தால், அதே நொடியில் அவரும் ஆரம்பிப்பார். ஸ்பீட் டெஸ்டில் குறையில்லை. இன்னும் பெரிய பிளானுக்கு மாறினேன், தண்டச்செலவு.

ஒருநாள் கால் நடக்கும்போதே பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்பிவர ஆகும் நேரத்தை அளப்பது) ஓடவிட்டேன். சும்மா இருக்கையில் 18 மில்லிசெகண்ட். போன் தன்பாட்டுக்குப் படங்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் 700. ரவுட்டர் எதையும் கைவிடாமல் நீள வரிசையில் நிறுத்தி வைக்கிறது. என் குரல் அந்தப் படங்களுக்குப் பின்னால் நிற்கிறது. இதைத்தான் பஃபர்ப்ளோட் என்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும்.

ரவுட்டரில் எஸ்க்யூஎம் (அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) ஆன் செய்து, அப்லோடை உண்மை வேகத்தில் 90 சதவீதமாகக் குறைத்தேன். வேகத்தைக் குறைத்தால் தாமதம் குறையுமா என்று எனக்கே நம்பிக்கையில்லை. படம் ஏறும்போதும் பிங் 30-ஐத் தாண்டவில்லை.

பதில்:
எங்கள் அலுவலகத்தில் ஃபயர்வால் யூடிபியை, அதாவது தொலைந்ததற்குக் காத்திராமல் தகவலை அனுப்பும் முறையை, அடைத்திருந்தது. கால் இணைந்துவிடும், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. உள்ளே பார்த்தால் டர்ன் என்ற இடைநிலை சர்வர் வழியாக, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி முறையில் போய்க்கொண்டிருந்தது. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்துக் கிடக்கும். பேச்சிலோ 20 மில்லிசெகண்ட் துண்டு ஒன்று போனால் போகட்டும், குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக் ஒப்பேற்றிவிடும். காலின் உள்விவரங்களைக் காட்டும் குரோமின் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. டர்ன் பயன்படுத்தும் 3478 யூடிபி போர்ட்டைத் திறக்க வைக்க மூன்று வாரம் மன்றாடியது தனிக்கதை.

பதில்:
எனக்கு நெட்வொர்க்கே காரணமில்லை, ப்ளூடூத் ஹெட்செட்! வயர் மாட்டியதும் பாதிப் பிரச்சினை போச்சு.

பதில்:
தூரத்தையும் பாருங்கள் நண்பரே. நானும் தோழரும் இணையத்தில் சேர்ந்து இசை வாசித்துப் பழகினோம், தாளம் ஓயாமல் இழுத்துக்கொண்டே போனது. இருவரும் ஒரே ஊர், சர்வரோ 8,000 கிலோமீட்டர் தள்ளி. ஃபைபரில் 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட். போய்வரவே 80 ஆகிவிடும். சர்வர் இல்லாத நேரடி இணைப்புக்கு மாறிய பிறகுதான் தாளம் பிசகாமல் நின்றது.

பதில்:
முதல் பதிவு போட்டவன்தான். என்னுடையதும் ப்ளூடூத்தான். பழைய வயர் ஹெட்செட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.