ஐஸ் மேக்கரில் கட்டி சிறுத்துச் சிறுத்து நின்றே போய்விட்டது, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பாமணியாறு (மன்னார்குடி):
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது சைடு பை சைடு ஃபிரிட்ஜ், தண்ணீர் லைன் கொடுத்தால் தானாகவே ஐஸ் கட்டி போடுகிற வகை. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரமாகக் கட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. நடுவில் பொள்ளலாக, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நான்கு நாளாக ஒன்றுகூட விழவில்லை. ஃப்ரீசர் நன்றாகக் குளிர்கிறது, உள்ளே மீன் கல்லு மாதிரி இருக்கிறது.

அம்மாவுக்குப் போன மாதம்தான் முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. பயிற்சி முடிந்ததும் ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் அவசரம். சர்வீஸ் ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் ஊற்றும் சின்ன டியூபின் வாயில் ஐஸ் அடைத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?

குடமுருட்டி (பாபநாசம்):
குத்த வேண்டாம் தம்பி. முதலில் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஃபிரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குப் பங்காளி, நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். அது ஓடும் குழாய் ஃப்ரீசர் தடுப்புக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் ஒரு தடவை சறுக்கி அதில் ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜும் போச்சு, அடுப்பு எரிகிற சமையலறையில் ஆபத்தும் கூட. அப்படி எப்போதாவது உஸ் என்று சத்தம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு கேள்வி. ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாடித் தொட்டியா, நேர் குழாயா, ஆர்ஓவா?

அரசலாறு (கும்பகோணம்):
என் மாமியாருக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. ஐஸ் மேக்கர் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம், சாதாரண ட்ரேயில் ஐஸ் போடுங்கள், நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். நாங்கள் துண்டை நனைத்துப் பிழிந்து, மடித்து, கவரில் போட்டு ஃப்ரீசரில் வைப்போம். முட்டியில் வளைந்து நன்றாகப் படியும். நடுவில் ஒரு மெல்லிய துணி கட்டாயம் வேண்டும், வெறும் தோலில் வைக்காதீர்கள்.

டியூபில் இருக்கிற ஐஸுக்கு ஹேர் ட்ரையர் காட்டினால் போதாதா?

குடமுருட்டி:
துண்டு யோசனை அருமை. ஹேர் ட்ரையர் வேண்டாம் அக்கா. உருகின தண்ணீர் சொட்டும் இடத்தில் கையில் கரண்ட் சாமானை வைத்துக்கொண்டு நிற்பது சரியில்லை. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கும் சூட்டில் நெளிந்துவிடும்.

பாமணியாறு:
அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முன்பு ஷவருக்காகப் போட்ட பிரஷர் பம்ப் லைனில் இருந்துதான் ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் போனது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று, ஒரு மாதத்துக்கு முன் பிளம்பர் ஆர்ஓ தொட்டியில் இருந்து டியூப் எடுத்து மாற்றிக் கொடுத்தார். ஆர்ஓ ஃபிரிட்ஜை விட ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் மாட்டியிருக்கிறது.

குடமுருட்டி:
காரணம் கிடைத்துவிட்டது. ஐஸ் மேக்கர் கெட்டுவிட்டது என்று கூப்பிடுகிற வீடுகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். மெஷின் நன்றாக இருக்கும், தண்ணீருக்குத் தள்ளும் வேகம் இருக்காது.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் வால்வு ஒவ்வொரு தடவையும் சில விநாடிதான் திறக்கும். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று அது அளப்பதில்லை, நேரத்தை மட்டும் பார்க்கிறது. வேகம் குறைந்தால் அச்சு நிரம்பாது, கட்டி சிறுக்கும், பொள்ளலாகும். இன்னொரு விஷயம், அந்த வால்வு இறுக மூடுவதற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் உதவுகிறது. அழுத்தம் இல்லையென்றால் சரியாக மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டு டியூபிலேயே உறைந்து கடைசியில் அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பல மாடல்களுக்குத் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வேண்டும், உங்களுடையதற்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். தண்ணீர் 1 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கினால் கிடைப்பது 1.4 பிஎஸ்ஐ. உங்கள் ஆர்ஓவில் இருந்து 1 பிஎஸ்ஐகூட வராது. மாடித் தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் 8, 9தான்.

இப்போது செய்ய வேண்டியது. பிளக்கைக் கையால் பிடுங்குங்கள். மெயினை மட்டும் இறக்கினால் போதாது, நம் ஊர்ப் பக்கம் பாதி வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அந்த பாயிண்ட் அதில் சேர்ந்திருந்தால் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கை ஈரமாக இருக்கக் கூடாது, காலில் ரப்பர் செருப்பு போடுங்கள். ஐஸ் மேக்கருக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடுங்கள். பால், மாவு, மீன் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொடுங்கள். இன்சுலின் மாதிரி மருந்து இருந்தால் அதை மறக்காதீர்கள். இரண்டு கதவையும் திறந்து வைத்து, கீழே பழைய வேட்டி, துண்டு விரித்து, நாலடி தள்ளி மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வையுங்கள், ஒயர் ஈரத்தில் படாமல். இரவு முழுக்க விட்டால் தானாக உருகும். அவசரமென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை டியூபில் சுற்றுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். மறுபடி பிளக்கை மாட்டின பிறகு ஐஸ் மேக்கருக்குள் விரல் விடாதீர்கள், கட்டியைத் தள்ளுகிற கை அங்கே திடீரென்று சுற்றும். அடியில் இருக்கும் டெஸ்ட் பட்டனையும் திரும்பத் திரும்ப அமுக்கினால் தண்ணீர் வழிந்துவிடும்.

உருக்கினால் மட்டும் தீராது, பத்து நாளில் மறுபடி அடைக்கும். ஆர்ஓ தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் 24 வோல்ட் சின்ன பம்பும், அழுத்தம் குறைந்தால் அதை ஓட வைக்கிற பிரஷர் ஸ்விட்சும் போடச் சொல்லுங்கள். ஆர்ஓ வேலை செய்கிறவர்களிடமே இருக்கும். பழைய போர் லைனுக்குத் திரும்ப வேண்டாம், ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் ஃபில்டர் உப்பை எடுக்காது, வால்வு வலையில் சுண்ணாம்புதான் படியும். ஃபிரிட்ஜின் பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள், அதற்கு சர்வீஸ் ஆள் வரட்டும்.

பாமணியாறு:
அண்ணா, முந்தாநாள் ராத்திரி உருக்கினோம். டியூபில் இருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே துண்டாக ஐஸ் வழுக்கி விழுந்தது. நேற்று பம்ப் போட்டார்கள். இன்று காலையில் முழுக் கட்டிகள் விழுந்திருக்கின்றன, முதல் நாள் கட்டியைக் கொட்டிவிட்டோம். அம்மா இப்போதைக்கு ஈரத் துண்டே போதும் என்கிறார், அது இதமாக இருக்கிறதாம். மிக்க நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். ராத்திரியில் பம்ப் அவ்வப்போது சில விநாடி ஓடி நிற்கிறது. சரிதானா?

குடமுருட்டி:
கட்டி விழுந்து, தண்ணீர் நிரம்பும் நேரத்தில் ஓடினால் சரி. ஐஸ் மேக்கரை நிறுத்தி வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். அப்போதும் பம்ப் ஓடினால் எங்கோ ஜாயிண்டில் கசிகிறது, அல்லது வால்வு இன்னும் சொட்டுகிறது. டியூப் சேரும் இடங்களைச் சுற்றி டிஷ்யூ காகிதம் கட்டி வைத்தால் எது என்று காலையில் தெரிந்துவிடும்.