ஸ்பைடர்மேனின் பரம எதிரி ஆக்டோபஸா, காப்ளினா?

எட்டுக்கால் வாத்தியார்:
ஸ்பைடர்மேனுக்குப் பரம எதிரி யார் என்று கேட்டால் எல்லோரும் யோசிக்காமல் கிரீன் காப்ளின் என்கிறார்கள். ஒரே ஒரு கொலை, அதை வைத்தே ஐம்பது வருடமாக ஓட்டுகிறார். நான் டாக்டர் ஆக்டோபஸ் கட்சி.

ஸ்பைடர்மேன் வந்தது 1962 ஆகஸ்ட். மறு வருடம் ஜூலையில், அமேசிங் ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 3ஆம் இதழில் ஆக்டோபஸ் வந்துவிட்டார். அந்த இதழின் தொடக்கத்தில் பீட்டருக்கு, அதாவது ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பையனுக்கு, கொஞ்சம் தலைக்கனம். எனக்கு ஈடுகொடுக்க ஒருத்தனும் இல்லையா என்று அலுத்துக்கொள்வான். உடம்போடு ஒட்டிய நாலு இரும்புக் கையாலும் அவனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக் கையால் கன்னத்தில் ஒன்று விட்டு, ஜன்னல் வழியாக வெளியே வீசுவார் ஆக்டோபஸ். பையன் இந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறான். பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்னொரு சூப்பர் ஹீரோ ஹியூமன் டார்ச் பேசியதைக் கேட்டுத்தான் மறுபடி எழுகிறான். முதல் தோல்வியைக் கொடுத்தவரை யாராவது மறப்பார்களா?

1964 ஆண்டு மலரில் ஆறு வில்லன்களை ஒன்றாகச் சேர்த்ததும் அவர்தான். 1966 பிப்ரவரியில் வந்த 33ஆம் இதழ் ஞாபகம் இருக்கிறதா? முதுகில் இயந்திர மலை, மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மே பெரியம்மாவின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கு எட்டாமல் கிடக்கிறது. ஸ்டீவ் டிட்கோ பக்கம் பக்கமாக அவன் தூக்குவதை மட்டுமே வரைந்திருப்பார். அந்த ரகசிய இடம் யாருடையது? ஆக்டோபஸுடையது.

பூசணிக்குண்டு:
வாத்தியார் 3ஆம் இதழைப் பற்றிப் பேசிவிட்டு 12ஆம் இதழை நைசாகத் தாண்டிப் போகிறார். 1964 மே. பீட்டருக்குக் காய்ச்சல், உடம்பில் தெம்பில்லை. ஆக்டோபஸ் அவனை அமுக்கிப் பிடித்து, எல்லோர் முன்னாலும் முகமூடியை உருவுகிறார். உள்ளே பீட்டர் பார்க்கர்! அப்புறம் என்ன செய்தார் உங்கள் விஞ்ஞானி? இந்த நோஞ்சானாவது ஸ்பைடர்மேனாவது, ஏதோ வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்று முடிவுகட்டிப் போய்விட்டார். எதிரியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தும் நம்பாதவர் பரம எதிரியா?

காப்ளின் அப்படியா? 39ஆம் இதழ், 1966 ஆகஸ்ட். ஒரு வாயுவைப் பாய்ச்சி பீட்டரின் எச்சரிக்கை உணர்வை மழுங்கடித்து, பின்தொடர்ந்து போய், அவன் உடை மாற்றுவதைப் பார்த்து, வீட்டு வாசலிலேயே வந்து தூக்கினார். பிறகு தன் முகமூடியையும் கழற்றிக் காட்டினார். பார்த்தால் நார்மன் ஆஸ்போர்ன், கூடப் படிக்கும் ஹாரியின் அப்பா! அடுத்த இதழில் அவருக்கு நினைவு தவறிவிடுகிறது. பீட்டர் ஊருக்கு உண்மையைச் சொல்லாமல் அவரை விட்டுவிடுகிறான். அந்த இரக்கத்துக்கு ஏழு வருடம் கழித்து விலை கொடுத்தான்.

பழைய பேப்பர்காரர்:
ஸ்பைடர் என்று பார்த்ததும் ஓடி வந்தேன், நம்ம சிவகாசி லயன் காமிக்ஸ் ஸ்பைடர் என்று நினைத்து. அவருக்குப் பரம எதிரி எல்லாம் தேவையே இல்லை, தொடக்கத்தில் அவரே குற்றக் கும்பல் தலைவர்தான். சரி, வந்ததுக்கு உட்கார்ந்து கேட்கிறேன். நடத்துங்கள்.

நள்ளிரவு வாசகி:
121ஆம் இதழை (1973 ஜூன்) நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். கதையின் தலைப்பை முதல் பக்கத்தில் போடாமல் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைத்திருப்பார்கள். பாலத்தின் மேலிருந்து பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியை காப்ளின் தள்ளிவிடுகிறார். பீட்டர் வீசிய வலை அவள் காலைப் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் எழுதியிருக்கும். "ஸ்னாப்". கவனிக்காமல் புரட்டினால் கண்ணில் படாது. பீட்டர் அவளை மேலே இழுத்துக்கொண்டே, பார்த்தாயா, காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாகப் பேசுகிறான். அவள் எழுந்திருக்கவில்லை.

வலை எட்டும் முன்பே செத்துவிட்டாள், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் யாரும் சாவார்கள் என்று காப்ளின் சொல்வார். ஆனால் 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் குழுவே வேறு மாதிரிச் சொன்னது: வலை சட்டென்று நிறுத்திய வேகத்தில் கழுத்து ஒடிந்ததுதான் காரணம். (வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கும், படத்தில் இருப்பது புரூக்ளின் பாலம் மாதிரி இருக்கும். அது தனிச் சண்டை, இப்போது வேண்டாம்.)

எட்டுக்கால் வாத்தியார்:
வாசகி என் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார், நன்றி. கழுத்தை ஒடித்தது வலை என்றால் காப்ளின் கணக்கில் என்ன மிச்சம்? இன்னொன்று. 90ஆம் இதழ், 1970 நவம்பர். ஆக்டோபஸோடு நடந்த சண்டையில் இடிந்து விழுந்த புகைபோக்கிக்கு அடியிலிருந்து ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டுத் தான் மாட்டிக்கொண்டவர் யார்? போலீஸ் கேப்டன் ஸ்டேசி, அதே க்வெனின் அப்பா. சாகும்போது பீட்டரைப் பெயர் சொல்லி அழைத்து, க்வெனைப் பார்த்துக்கொள் என்கிறார். அந்தக் குடும்பத்துக்கு முதல் அடி விழுந்தது ஆக்டோபஸால்.

பூசணிக்குண்டு:
வாத்தியாரே, அந்தப் புகைபோக்கி கேப்டனைக் குறிவைத்து விழவில்லை. அது விபத்து மாதிரி. க்வெனை காப்ளின் தேர்ந்தெடுத்தார், தெரிந்தே. வலைதான் காரணம் என்றால் இன்னும் மோசம். சாகும்வரை பீட்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டார். கத்தியால் குத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கருப்புச் சட்டை:
வெனம் பெயரை யாருமே எடுக்கவில்லையே? 1988 மே, 300ஆம் இதழ். பீட்டரின் எச்சரிக்கை உணர்வு வெனத்திடம் வேலை செய்யாது. வீடு தெரியும், பெயர் தெரியும். பீட்டர் போட்டுக் கழற்றிய உடையே எதிரியாக வந்து நிற்கிறது.

பூசணிக்குண்டு:
பயமுறுத்தியது உண்மைதான் பாஸ். ஆனால் அந்த உடையைப் போட்டு வெனமாக மாறிய எடி புராக்கின் கோபத்துக்குக் காரணம் என்ன? அவன் எழுதிய செய்தி பொய் என்று ஸ்பைடர்மேனால் தெரிந்துபோய் வேலை போய்விட்டது. நாளாக நாளாகத் தனித் தொடர் கொடுத்து வெனத்தையே கதாநாயகனாக்கிவிட்டார்கள்.

பகல் டூட்டி:
எனக்கு எப்போதும் பீட்டரின் பத்திரிகை முதலாளி ஜேம்சன்தான். தலையங்கம் எழுதியே ஊரைத் திருப்பியவர். ஸ்கார்பியன் என்ற வில்லனை உருவாக்கப் பணம் கொடுத்தவர். அவர் தரும் சம்பளத்தில்தான் பீட்டருக்குச் சாப்பாடு. எந்த வில்லனும் இவ்வளவு வதைத்ததில்லை. முதலாளிகளிடம் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் இது புரியும்.

எட்டுக்கால் வாத்தியார்:
ஜேம்சனை வில்லன் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் உங்கள் வலி புரிகிறது.

காப்ளின் கட்சிக்கு ஒரு கேள்வி. 122ஆம் இதழில், தான் ஏறிப் பறக்கும் கிளைடரே குத்தி நார்மன் செத்தார். 1996 இறுதியில்தான் திரும்பி வந்தார். நடுவில் 23 வருடம்! அத்தனை காலம் ஆளே இல்லாத ஒருவர் எப்படிப் பரம எதிரி ஆவார்? ஆக்டோபஸ் அந்த வருடங்களில் எல்லாம் களத்தில் நின்றவர். மே பெரியம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போனவர்!

பூசணிக்குண்டு:
செத்த பிறகும் அந்த முகமூடிக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. 1974-ல் மகன் ஹாரி, 1983-ல் ஹாப்காப்ளின். ஆக்டோபஸின் இரும்புக் கைகளுக்கு அப்படி ஒரு வரிசை நின்றதா?

எட்டுக்கால் வாத்தியார்:
சரி, கடைசிச் சீட்டைப் போடுகிறேன். 2012 டிசம்பரில் வந்த 700ஆம் இதழ். சாகக் கிடந்த ஆக்டோபஸ் தன் மனத்தை பீட்டரின் உடலுக்கு மாற்றிக்கொண்டார். பீட்டர், ஆக்டோபஸின் உடலில் கிடந்து செத்தான். அதன் பிறகு 31 இதழ் ஸ்பைடர்மேனாக உலவியது ஆக்டோபஸ். அவன் வீட்டில் இருந்து, அவன் பெரியம்மா கையால் சாப்பிட்டு, அவன் வாங்காமல் விட்ட டாக்டர் பட்டத்தைக்கூட அவன் பெயரில் வாங்கினார். காப்ளின் ஒருத்தியைக் கொன்றார். ஆக்டோபஸ் ஸ்பைடர்மேனையே வென்றார். இதற்கு மேல் என்ன வெற்றி?

நள்ளிரவு வாசகி:
இதில் வாத்தியாருக்கு மார்க் போட்டே ஆக வேண்டும். 12ஆம் இதழில் முகத்தைப் பார்த்தும் நம்பாதவர், ஐம்பது வருடம் கழித்து அதே முகத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறார். எனக்கு அதில்தான் ருசி.

பூசணிக்குண்டு:
அந்த 31 இதழ் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லுங்கள் வாத்தியாரே. ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

நானே சொல்கிறேன். நார்மன் ஊரையே கைப்பற்றுகிறார். ஆக்டோபஸ் விரும்பும் பெண் அன்னா மரியா அவர் பிடியில். அத்தனை மூளை இருந்தும் ஆக்டோபஸுக்கு வழி தெரியவில்லை. இதை பீட்டரால்தான் செய்ய முடியும் என்று ஒத்துக்கொண்டு, தன்னையே அழித்துக்கொண்டு, உடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். எதிரில் நின்றது யார்? காப்ளின். பீட்டர் வந்து நின்று ஒரு கிண்டல் அடித்தானோ இல்லையோ, ஓ, நீயா என்று நார்மன் கண்டுகொள்கிறார். முகமூடிக்குள் ஆள் மாறியது ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு வாக்கியம் போதும்.

எட்டுக்கால் வாத்தியார்:
அந்தக் கட்டத்தை மறந்தே போனேன். கஷ்டம்தான். ஆனாலும் உடலைத் திருப்பிக் கொடுத்ததால் ஆக்டோபஸ் சின்னவர் ஆகிவிட மாட்டார். எதிரியின் அருமை தெரிந்த எதிரி அவர்.

பூசணிக்குண்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். திருந்த வாய்ப்புள்ளவர், பெரியம்மாகூட அவரை நல்லவர் என்று நம்பினார். நார்மன் வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடுவீர்களா?

பழைய பேப்பர்காரர்:
சண்டை இருக்கட்டும். அந்தப் பெரியம்மா கல்யாணம் எந்த இதழ்? தேடி எடுத்து வைக்கிறேன்.

எட்டுக்கால் வாத்தியார்:
131, 1974 ஏப்ரல். ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்ளப் போகவில்லை அண்ணே, பெரியம்மா பெயருக்குக் கனடாவில் ஒரு தீவும் அதில் ஓர் அணு உலையும் வந்திருந்தது. கல்யாணம் முடியுமுன் ஹாமர்ஹெட் என்ற கும்பல் தலைவன் புகுந்து கெடுத்துவிடுவான்.