ஸ்பிக்கியூலுக்கு ‘வரிச்சு’: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நீரடியில் ஒட்டி வாழும் எளிய விலங்குகளாகிய பஞ்சுயிரிகளின் (sponges) உடற்சட்டகத்தை ஆக்கும் கடினமான கழி போன்ற ஸ்பிக்கியூல்களுக்கு (spicules) ‘நுண்முள்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார்கள். பாடநூல்களில் பழகிவிட்ட சொல் என்பதால் அதை மாற்றத் தயங்குவது நியாயமே. ஆயினும் அச்சொல்லின் இரு பகுதிகளும் பொருளோடு முரண்படுவதாக எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்கி, மாற்றாக, கூரையில் குறுக்காகக் கட்டும் கழியைக் குறிக்கும் ‘வரிச்சு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் ‘நுண்’. பெரும்பாலான ஸ்பிக்கியூல்கள் மில்லிமீட்டருக்கும் குறைவானவை என்பது உண்மைதான். ஆனால் ஆழ்கடலில் வாழும் மோனோராஃபிஸ் சூனி என்னும் கண்ணாடிப் பஞ்சுயிரி, தன்னைச் சேற்றில் நிறுத்திக்கொள்ள வளர்க்கும் ஒற்றை ஸ்பிக்கியூல் 3 மீட்டர் நீளம் வரை போகிறது. அதை நுண்முள் என்று எப்படி எழுதுவது?

அடுத்தது ‘முள்’. முள் என்றவுடன் வெளியே நீட்டிக்கொண்டு பகையை விலக்கும் உறுப்பே நம் மனத்தில் எழுகிறது. ஸ்பிக்கியூலின் முதன்மையான வேலையோ உள்ளிருந்து உடலைத் தாங்குவது. மேலும் அது நட்சத்திரமாக, கொக்கியாக, ஆறு கதிர்களாக, முடிச்சு விழுந்த வேர்போலப் பல வடிவங்களில் அமைகிறது. சில ஸ்பிக்கியூல்களின் மேற்பரப்பிலேயே சிறு முட்கள் முளைத்திருப்பதுதான் பெரிய இடர். அவற்றை நாம் ‘முள்ளுடைய நுண்முள்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். கடல்முள்ளெலியின் முள்ளுக்கும் இதே சொல் தேவைப்படுவதால், முட்தோலிகளையும் பஞ்சுயிரிகளையும் அடுத்தடுத்த பாடங்களில் படிக்கும் மாணவருக்குக் குழப்பம் நிச்சயம்.

எனக்கு ‘வரிச்சு’ தோன்றிய விதத்தைச் சொல்கிறேன். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, கிணற்றுப் படிக்கல்லில் பச்சையும் பழுப்புமாக அப்பிக்கிடந்த நன்னீர்ப் பஞ்சுயிரியில் நகக்கண் அளவு பெயர்த்துக் காயவைத்து, அல்சூரில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் மெல்லிய சீவல் ஒன்றை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தபோது, நாலைந்து கண்ணாடிக் கழிகளை ஒன்றாகச் சேர்த்து மஞ்சள் நிறப் பசையால் பொதிந்த கத்தைகளும், அக்கத்தைகளைக் குறுக்காக இணைக்கும் தனிக் கழிகளும் தெரிந்தன. மீதியை வெளுப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்ததும் பசை முழுவதும் கரைந்து, அடியில் வெண்பொடி மட்டும் தங்கியது. அதைப் பலமுறை கழுவிவிட்டுப் பார்த்தால், இரு முனையும் கூர்ந்து நடுவே சற்றே வளைந்த கழிகள். ஒவ்வொன்றின் மையத்திலும் மயிரிழை போன்ற ஒரு கோடு. வேறொரு துளியில் புளிக்காடி விட்டேன்; குமிழி எழவில்லை. சுண்ணமாயின் குமிழி எழும். ஆகவே இது சுண்ணம் அன்று, கண்ணாடியின் மூலப்பொருளாகிய சிலிக்காதான்.

அந்தக் கத்தைகளைப் பார்த்த கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது, பெரியப்பா வீட்டுக் கூரையைப் பிரித்து மேய்ந்தபோது கைமரங்களின் மேல் குறுக்காக வரிச்சுகளைப் பரப்பிப் பனைநாரால் இறுக்கிக் கட்டிய காட்சி. கழி ஒரு பொருள், கட்டும் நார் இன்னொரு பொருள், இரண்டும் சேர்ந்தால்தான் சட்டகம் நிற்கும். பஞ்சுயிரியிலும் இதே ஏற்பாடுதான்: கழி என்பது சிலிக்கா; கட்டு என்பது கொல்லாஜன் வகைப் புரதமாகிய ஸ்பான்ஜின்.

இந்த ஒப்புமை தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு 2015இல் நன்னீர்ப் பஞ்சுயிரி ஒன்றில் கண்டறிந்த செய்தி இதற்கு வலுச் சேர்க்கிறது. ஒருவகைச் செல்கள் ஸ்பிக்கியூலை வனைகின்றன; வேறு வகைச் செல்கள் அதைச் சுமந்து செல்கின்றன; சுமந்து சென்ற ஸ்பிக்கியூலின் ஒரு முனை மேற்படலத்தைத் துளைத்து நிமிர, அடிமுனையை அங்குள்ள செல்கள் கொல்லாஜனால் பூசி நிலைநிறுத்துகின்றன. இப்படி நட்ட கழியின் மேல் அடுத்த கழி என்று சட்டகம் வளர்கிறது. வனைதல், சுமத்தல், நடுதல், கட்டுதல் என்னும் இந்த வேலைகளை முள் என்ற சொல் ஒருபோதும் உணர்த்தாது.

இதை ஏற்றால் கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன. வனையும் செல்லை ‘வரிச்சாக்கச் செல்’ எனலாம். என் கண்ணில் பட்ட மையக் கோடு, சிலிக்காட்டீன் என்னும் புரதத்தாலான இழை அமைந்திருக்கும் குழல். சிலிக்கா படிவதற்குத் துணைபுரியும் அவ்விழை ‘அச்சிழை’ ஆகலாம். முள் முளைத்த வகை இயல்பாகவே ‘முள்வரிச்சு’ ஆகிவிடும். கால்சைட் என்னும் சுண்ணப் பொருளால் ஆனவற்றில் இத்தகைய அச்சிழை இல்லை, பெரும்பாலும் மூன்று கதிர்களாகவே அமைகின்றன. அவற்றைச் ‘சுண்ண வரிச்சு’ என்று பிரித்துக் காட்டலாம்.

ஒரு மறுப்பு எழக்கூடும். நட்சத்திரம், கொக்கி வடிவிலான சிறுவகைகள் எந்தச் சட்டகத்தையும் தாங்காமல் திசுவில் சிதறிக் கிடக்கின்றனவே, அவை எப்படி வரிச்சு ஆகும்? இது சரியான கேள்வி. ஆனால் அவையும் வரிச்சாக்கச் செல்களிலேயே பிறக்கின்றன. ஜியோடியா என்னும் கடற்பஞ்சுயிரி போன்றவற்றில் உருண்டை வடிவச் சிறுவகைகள் நெருங்கி அடுக்கி உறுதியான புறணியாகவும் ஆகின்றன. ஆதலால் ‘பெருவரிச்சு’, ‘பொடிவரிச்சு’ என இரண்டாகப் பகுத்தால் போதும் என்பது என் கருத்து. பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வரிச்சு தெரியாதே என்று நேற்றுத் தொலைபேசியில் ஒரு நண்பர் கேட்டார். என் மகளுக்கும் தெரியாதுதான். ஆனால் மூங்கில் குச்சிகளை நூலால் கட்டிக் காட்டியதும், பொருளும் சொல்லும் ஒருசேர அவளுக்குப் பிடிபட்டன.

‘எலும்புக்கூடு’ என்பதையும் இவ்விடத்தில் தவிர்த்துச் ‘சட்டகம்’ என்றே எழுத வேண்டுகிறேன்; எலும்பே இல்லாத உயிரி இது.

எஞ்சியிருப்பது ஸ்பான்ஜின். அதைப் ‘பஞ்சுநார்’ என்று எழுதலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். குளியலுக்குப் பயன்படும் இயற்கைப் பஞ்சில் வரிச்சு அறவே இல்லை. இந்த நாரால் பின்னிய வலை மட்டுமே இருப்பதால்தான் அதை மேனியில் தேய்க்க முடிகிறது.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு